துண்டு: தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து உதைபந்தாட்டத் திரை வரை

உதைபந்தாட்டக் கழகமொன்றை நிருவகிப்பதாக அமைந்த கணினி விளையாட்டுகளில் பந்து உருளும் நேரத்தைவிடத் தாள் புரளும் நேரமே அதிகம். வீரர் ஒருவரை எத்தனை ஆண்டுகளுக்குக் கட்டிவைப்பது, அவருக்கு வாரம் எவ்வளவு கொடுப்பது, இன்னொரு கழகம் அவரைக் கேட்டு வந்தால் என்ன விலைக்கு விடுவது, எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டிவரும் தொகை விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்னும் கேள்விகளிலேயே விளையாடுபவரின் மாலைப்பொழுது கழிந்துவிடுகிறது. ஆளைக் குறித்த காலத்துக்குப் பிணைப்பது ஒப்பந்தம். அந்தப் பிணைப்பை விலைகொடுத்து அவிழ்ப்பது மாற்றுத்தொகை. எவரும் எவ்வளவுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று முதலாளிகள் தமக்குள் போட்டுக்கொள்ளும் வரம்பு சம்பள உச்சவரம்பு. இம்மூன்றும் விளையாட்டரங்கில் பிறந்தவை என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. கண்டிக்குத் தெற்கேயுள்ள மலைத்தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு அந்த எண்ணம் நிலைக்காது. ஏனெனில் இவை மூன்றும் அங்கே, தேயிலை நிரைகளுக்கிடையே, ஒரு சிறு காகிதத்தைச் சுற்றி ஒன்றாகவே இயங்கின. அந்தக் காகிதத்துக்குத் துண்டு என்று பெயர்.

தெல்தோட்டை கண்டி மாவட்டத்தின் தென்கிழக்கு மலைப்பகுதியில், பேராதனையிலிருந்து கலஹா வழியாக ஏறி ரிகில்லகஸ்கடவை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த சிறு நகரம். சிங்களத்தில் தெல் என்பது ஈரப்பலா வகையையும், தொட்ட என்பது ஆற்றுத்துறையையும் குறிக்கும். தமிழ் வாயில் அது தோட்டை ஆகி, தோட்டம் என்னும் சொல்லோடு ஒலியால் ஒட்டிக்கொண்டது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமானது. நகரைச் சூழ்ந்த மலைகளில் முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. ஸ்கொத்லாந்திலிருந்து 1852 இல் இளைஞராக வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. 1892 இல் அவர் இறந்ததும் அந்தத் தோட்டத்திலேயேதான். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் 1867 இலேயே என்பதால், அந்த ஆண்டை மலையகப் பொருளாதாரத்தின் திருப்பமாக எழுதுவது வழக்கம். ஆயினும் தொழிலாளரின் வரலாற்றைப் பொறுத்தவரை திருப்பம் சற்றுத் தாமதித்தே வந்தது: 1869 இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தபோதுதான், ஆளை எப்படிப் பிணைப்பது என்னும் கேள்வி புது வடிவம் கொண்டது.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் வேண்டும், மற்ற மாதங்களில் அத்தனை பேர் தேவையில்லை. தமிழகத்துத் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து மலையேறியவர்களில் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்துவிடும் செடி. அதற்கு நிலையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் வேண்டும், பெண்களின் கைகள் வேண்டும், ஒரு வாரம்கூடக் கொழுந்து முற்றவிடாத ஒழுங்கு வேண்டும். அவ்வளவு ஆட்களைத் திரட்டவும் கட்டிவைக்கவும் தோட்டத்துரைமார் நம்பியிருந்த ஒரே நிறுவனம் கங்காணி. கண்காணிப்பவர் என்னும் பொருளில் பிறந்த இச்சொல், தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் சாதியிலிருந்தும் ஆள் சேர்த்து வந்து, அந்தக் கூட்டத்துக்குத் தலைவராகவும் மேற்பார்வையாளராகவும் கடன்காரராகவும் ஒருங்கே இருந்தவரைக் குறித்தது. பெரிய கங்காணியின் கீழ் இருபது முப்பது பேரைக் கொண்ட சில்லறைக் கங்காணிகள் இருந்தனர். வேலைக்கு வந்த தலை ஒன்றுக்கு இத்தனை சதம் என்று தோட்டம் கங்காணிக்குத் தனிக்காசு கொடுத்தது; ஆகவே காலைப் பிரட்டில், அதாவது விடியலில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டத்தில், எத்தனை தலை நிற்கிறது என்பது துரையைவிடக் கங்காணிக்கே பெரிய கவலையாக இருந்தது.

ஆளைச் சேர்க்கப் பணம் வேண்டும். ஊரில் அடைக்க வேண்டிய கடன், வழிச்செலவு, உணவு, கம்பளி என எல்லாவற்றுக்கும் தோட்டம் கங்காணிக்கு முற்பணம் கொடுத்தது. கங்காணி அதைக் கடன்பத்திரம் எழுதிக்கொடுத்து வாங்கித் தன் ஆட்களுக்குப் பங்கிட்டார், அல்லது பங்கிட்டதாகக் கணக்கெழுதினார். இவ்வாறு தொழிலாளி கங்காணிக்கும், கங்காணி தோட்டத்துக்கும், தோட்டம் பெரும்பாலும் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனத்துக்கும் கடன்பட்டிருந்ததால், கடன் என்பது மேலிருந்து கீழாகத் தொங்கிய ஒரு சங்கிலியாயிற்று. சட்டப்படி பார்த்தால் தொழிலாளி நெடுங்கால அடிமை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் அவரை மாத ஒப்பந்தக்காரராகவே கருதியது. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு அவர் போகலாம். மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்றும் அதே சட்டம் சொன்னது என்பதைக் கவனித்தால், போகலாம் என்ற உரிமையின் உண்மையான எடை விளங்கும். முன்னறிவிக்காமல் போனவரை 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் குற்றவாளியாக்கி, மூன்று மாதம் வரை சிறையில் அடைக்க இடம் கொடுத்தது. கடன் தீராமல் ஆளை விட எந்தத் தோட்டமும் இணங்கவில்லை. விட்டதற்குச் சான்று இல்லாத ஆளைச் சேர்த்துக்கொள்ள அடுத்த தோட்டம் தயங்கியது.

இந்த இடைவெளியிலேதான் துண்டு நுழைந்தது. துண்டு என்பது துரை தம் கையால் எழுதிக்கொடுத்த ஒரு சிறு தாள். இன்ன கங்காணியும் அவரிடமுள்ள இத்தனை ஆட்களும் இத்தோட்டத்துக்கு இத்தனை ரூபாய் கொடுக்கவேண்டியுள்ளது, இக்காலத்துக்குள் அத்தொகையைச் செலுத்துவோருக்கு அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்பதே அதன் சாரம். கங்காணி அந்தத் தாளை மடியில் செருகிக்கொண்டு கலஹாவிலிருந்து ஹேவாஹெட்டவுக்கும், அங்கிருந்து புசல்லாவைக்கும் நடக்கலாம். ஆள் பற்றாக்குறையால் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும் தோட்டத்துத் துரையைச் சந்தித்து, தாளில் கண்ட தொகையைக் கட்டி எங்களை மீட்டுக்கொள்வதோடு மேலே இன்னும் இவ்வளவு முற்பணம் தாருங்கள் என்று கேட்கலாம். அடுத்த தோட்டத்தில் மேலும் அதிகம் கிடைக்குமென்றால் அங்கே போகலாம். உடன்பாடு முடிந்ததும் பழைய தோட்டத்துக்குப் பணம் போயிற்று, புதிய தோட்டத்துக்கு ஆள் போயிற்று, நூறு நூற்றைம்பது பேர் பெட்டி படுக்கையுடன் ஒரு லயத்தை, அதாவது தொழிலாளர் வாழும் வரிசைவீட்டை, காலி செய்து மற்றொரு லயத்தில் குடியேறினர். அந்தத் தாளில் அவர்களுடைய பெயர்கள் இருக்கவில்லை. எண்ணிக்கை மட்டுமே இருந்தது.

இன்றைய உதைபந்தாட்ட விளையாட்டுகளில் மாற்றுச் சந்தைத் திரையைத் திறப்பவருக்கு இதன் ஒவ்வொரு கூறும் பழக்கப்பட்டதாகவே தோன்றும். விடுவிப்புத் தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகை, அதாவது அதைக் கட்டும் எந்தக் கழகமும் வீரரோடு பேச்சு நடத்தலாம் என்ற வாசகம், துண்டின் வாசகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. இரு கழகங்களுக்கும் நடுவே நின்று தன் பங்கைப் பிரித்தெடுக்கும் முகவரிடம் கங்காணியின் சாயல் உண்டு. ஒரு வேறுபாடு மட்டும் எல்லா ஒற்றுமைகளையும்விடக் கனமானது: உதைபந்தாட்டத்தில் மாற்றுத்தொகை, வீரரை வாங்கும் கழகத்தின் செலவுக் கணக்கில் ஏறுகிறது, துண்டுத்தொகையோ கங்காணியின் கடனாகி, அவர் வழியே தொழிலாளியின் தலையில் ஏறியது. தன்னை விற்ற விலையைத் தானே கட்டவேண்டிய நிலையில் ஆளை நிறுத்திய விசித்திரம் இது. தோட்டம் மாறும்போதெல்லாம் கடன் வளர்ந்தது. மாறும்போது கிடைத்த கூடுதல் முற்பணத்தின் பெரும்பகுதி கங்காணியிடமே தங்கியது.

துண்டோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு பொருள் தகர வில்லை. 1901 முதல் இந்தியக் கரையிலிருந்து புறப்படும் தொழிலாளியிடம் ஒரு சிறு தகரத் தகடு கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்துக்குரிய எழுத்தும் எண்ணும், ஆளுக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. துளையில் நூல் கோத்து அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர் வழியில் ஒரு சதமும் கையிலிருந்து கொடுக்காமல் படகிலும் புகையிரதத்திலும் வந்து சேரலாம், செலவெல்லாம் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வசதியான ஏற்பாடுதான். ஆயினும் அந்தச் செலவு பின்னர் எங்கே இறங்கியது என்பதைச் சங்கிலியின் கதையைப் படித்தவருக்குச் சொல்லவேண்டியதில்லை. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். ஆங்கில ஏடுகளோ அதே ஒலியுள்ள சொல்லை ஆளின் பெயராகவே எழுதின. சம்பளமும் ஆளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட அந்த ஏடுகளில், ஆளுக்கு எண் போதுமானதாக இருந்ததில் வியப்பில்லை.

இனி உச்சவரம்பு. 1854 இல் கண்டியில் அமைக்கப்பட்ட தோட்டத்துரைமார் சங்கத்தின் நீண்டகாலத் தலைவலி நோயோ உரமோ அல்ல, ஒரு தோட்டம் மற்றொன்றின் ஆளை இழுத்துக்கொள்வதே. நாட்கூலியை ஏற்றினால் எல்லாத் தோட்டங்களும் ஏற்றவேண்டிவரும் என்பதால் அதை ஏற்றாதிருப்பதில் அவர்களுக்குள் பேசாத உடன்பாடு நிலவியது. ஆகவே பல பத்தாண்டுகள் நாட்கூலி ஏறக்குறைய நகராமலே கிடந்தது. போட்டி முழுவதும் முற்பணத்துக்குத் தாவியது. முற்பணம் அளவுகடந்து போனபோது அதற்கும் வரம்பு கட்டத் துரைமார் மீண்டும் மீண்டும் உடன்பாடு செய்தனர். ஆள் தட்டுப்பாடு வந்த முதல் பருவத்திலேயே உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்களே அதை மீறினர். 1904 இல் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவி, கங்காணியின் தனிச்சந்தையை ஓரளவு பொதுவாக்க முயன்றதும், 1908 இல் அரசாங்கத்தின் தொழிலாளர் விசாரணை ஆணைக்குழு துண்டு முறையின் கேடுகளை விரிவாக எழுதியதும் இந்தத் தோல்விகளின் பின்னணியில்தான். கூலிக்கு மூடி போட்டால் பணம் நின்றுவிடுவதில்லை, வேறு வாயால் வழிகிறது. வழியும் இடத்தில் யார் பாத்திரத்தோடு நிற்கிறார் என்பதே கேள்வி. தெல்தோட்டை மலைகளில் அங்கே நின்றவர் பெரிய கங்காணி.

அதே பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரங்களில் இந்தப் பாடம் வேறொரு களத்தில் படிக்கப்பட்டது. உதைபந்தாட்டக்காரர் சம்பளம் வாங்குவது 1885 இல் சட்டபூர்வமாயிற்று. 1888 இல் கழகங்களின் லீக் தொடங்கிற்று. 1893 இல் கழகங்கள் வீரரின் பதிவைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் முறையை ஏற்படுத்தின. அம்முறையின்படி, ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பின்பும் பழைய கழகம் சம்மதிக்காமல் வீரர் லீக்கின் வேறு கழகத்துக்கு ஆடமுடியாது. சம்மதத்துக்கு விலை உண்டு. 1901 இல் வாரச் சம்பளத்துக்கு 4 பவுண் என்ற உச்சவரம்பு வந்தது. நான்கே ஆண்டுகளில், 1905 இல், அல்ஃப் கொமன் என்ற வீரர் சண்டர்லண்டிலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1000 பவுணுக்கு மாற்றப்பட்டார்: வாரம் நான்கு பவுணுக்கு மேல் பெறக்கூடாதவருக்கு ஆயிரம் பவுண் விலை. 1906 இல் மன்செஸ்டர் சிட்டி கழகம் வரம்பை மீறி இரகசியமாகப் பணம் கொடுத்தது வெளிப்பட்டு, அதன் 17 வீரர்கள் இடைநிறுத்தப்பட்டனர். 1919 ஒக்டோபரில், போர்க்காலத்தில் களவாகப் பணம் கொடுத்த குற்றத்துக்காக லீட்ஸ் சிட்டி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டபோது, அதன் வீரர்கள் லீட்ஸ் நகரத்து மெட்ரோபோல் விடுதியில் மற்றக் கழகங்களுக்கு ஏலத்தில் விற்கப்பட்டனர். வாரச் சம்பளம் 20 பவுணைக்கூடத் தாண்டாத 1957 இல் ஜோன் சார்ள்ஸ் 65,000 பவுணுக்கு லீட்ஸ் யுனைடெட்டிலிருந்து இத்தாலியின் யுவெந்தஸுக்குப் போனார். இங்கே பாத்திரத்தோடு நின்றவை கழகங்கள். வேலைநிறுத்த எச்சரிக்கைக்குப் பின் 1961 ஜனவரியில் உச்சவரம்பு நீங்கியது. பதிவைப் பிடித்துவைக்கும் உரிமையின் பெரும்பகுதி, ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கழகத்துக்கெதிராகத் தொடுத்த வழக்கின் 1963 ஆம் ஆண்டுத் தீர்ப்பால் தளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவருக்கும் விலை கேட்கும் வழக்கத்தை 1995 டிசம்பர் 15 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் ஜீன் மார்க் பொஸ்மனின் வழக்கில் செல்லாததாக்கியது.

இத்தனை வழக்கும் ஏலமும் ஓய்ந்தும் ஓயாத வேளையில்தான் அவை விளையாட்டுப் பொருளாயின. 1982 இல் கெவின் டொம்ஸ் தனியொருவராக எழுதி வெளியிட்ட ஃபுட்போல் மனேஜர், வீரரை வாங்குவதையும் விற்பதையும் வாரச் செலவையும் எழுத்துத் திரையிலேயே நடத்தியது. 1992 இல் போல், ஒலிவர் கொல்யர் சகோதரர்கள் உருவாக்கிய சம்பியன்ஷிப் மனேஜர் அதை ஒரு கணக்கியல் உலகமாகவே விரித்தது. வெளியீட்டு நிறுவனத்தோடு பிரிவு ஏற்பட்ட பின் அவர்களின் பணி, பழைய பெயரொன்றை வாங்கி, 2004 இல் ஃபுட்போல் மனேஜர் 2005 ஆக மறுபிறவி எடுத்தது. அதன் ஒப்பந்தத் திரையில் வாரச் சம்பளம், முடிவுத் தேதி, களமிறங்கும் ஆட்டத்துக்கான படி, கோல் ஊக்கத்தொகை, கையெழுத்துப் பணம், முகவர் கட்டணம், விடுவிப்புத் தொகை என வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் ஏற்றியும் இறக்கியும் பேரம் பேசலாம். மாற்றுத்தொகைக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியைச் சம்பளப் பக்கத்துக்குத் தள்ளவும், அங்கிருந்து இங்கே இழுக்கவும் ஒரு நெம்புகோல் உண்டு. சம்பளத்தை இறுக்கினால் முற்பணம் வீங்கும் என்று கண்டித் துரைமார் அரை நூற்றாண்டு பட்டுக் கற்றதை, இந்த நெம்புகோல் பதினைந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கிறது.

உச்சவரம்பை நேரடியாக விளையாட்டாக்கியது அமெரிக்கா. அங்கே உதைபந்தாட்டம் என்று வழங்குவது கையால் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். அதன் தேசிய லீக் 1994 இல் அணிக்கு 34.6 மில்லியன் டாலர் என்ற உச்சவரம்பை விதித்தது. எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மேடன் தொடர், பல ஆண்டுகள் ஓர் அணியை நிருவகிக்கும் பகுதியை இதன் பின்னரே சேர்த்துக்கொண்டது. அதில் புதிதாக இறங்குபவரை முதலில் குழப்புவது செத்த பணம் எனப்படும் ஒரு கணக்கு: வீரருக்குக் கையெழுத்திடும்போது கொடுத்த பெருந்தொகையைக் கணக்கில் பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம், ஆனால் இடையில் அவரை நீக்கினால் எழுதாமல் எஞ்சிய பகுதி உடனே வந்து உச்சவரம்பைத் தின்னும், ஆள் இல்லை, அவருடைய செலவு மட்டும் அணியில் இருக்கும். தோட்டக் கணக்கிலும் செத்த பணம் இருந்தது. முற்பணம் வாங்கிய ஒருவர் இறந்தாலோ இரவோடு இரவாக ஓடிப்போனாலோ அவர் பெயரிலிருந்த கடன் குடும்பத்தார் மீதோ எஞ்சிய கூட்டத்தார் மீதோ பகிர்ந்து சுமத்தப்பட்டதுண்டு. திரையில் அது மேலாளரின் பட்டியலைக் குறுக்குகிறது. லயத்தில் அது பக்கத்துக் காம்பராவில் இருந்தவரின் சம்பளத்தைக் குறுக்கியது.

துண்டுக்கு முடிவு 1921 இல் வந்தது. அவ்வாண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்து, வேலையை விட்டுப் போன தொழிலாளிக்குச் சிறை என்னும் ஏற்பாட்டையும் நீக்கியது. 1922 இல் இந்தியா புலம்பெயர்வுச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டில் இந்திய அரசாங்கத்தின் முகவர் கண்டியிலேயே அலுவலகம் அமைத்துத் தோட்டங்களைப் பார்வையிடத் தொடங்கினார். 1927 இன் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிறுவ, 1929 இல் வீதங்கள் நடைமுறைக்கு வந்தன: ஆணுக்கு மலைநாட்டில் 54 சதம், இடைநாட்டில் 52, தாழ்நாட்டில் 50, பெண்ணுக்கு 43, 41, 40, சிறுவருக்கு 32, 31, 30. குறைந்தபட்சம் என்பது தரை, உச்சவரம்பு என்பது கூரை. ஆனால் தோட்டங்களில் தரையே கூரையாயிற்று: சட்டம் சொன்னதற்குமேல் கொடுப்பாரில்லை, உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களின் முற்பகுதியில் அந்தத் தரையும் கீழே இறக்கப்பட்டது.

தெல்தோட்டைக்கு அண்மையில், ஹேவாஹெட்ட மலையிலுள்ள முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் நிகழ்ந்தது இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்கத்தக்கது. நாளொன்றுக்கு 16 சதம் கூட்டிக் கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி 10 இல் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு அமர்ந்தது, வழக்குகள் எழுந்தன, பொலிஸ்மா அதிபருக்கும் உள்நாட்டு அமைச்சருக்கும் இடையில் மூண்ட பிணக்கு அமைச்சர்கள் பதவி விலகுமளவுக்கு முற்றியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் துரைமாரும் தொழிற்சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கையொன்றுக்கு வந்தனர். 1941 இல் சம்பளச் சபைகள் சட்டம் பிறந்தது. கூலி இனி இரு தரப்பும் அமர்ந்து பேசும் விடயம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதற்கு முன்னால் ஓர் உயிர் போயிருந்தது.

தலையெண்ணிக்கையால் ஆளை மாற்றும் பழக்கம் தோட்டங்களுக்கிடையே ஒழிந்தாலும் நாடுகளுக்கிடையே ஒழியவில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இழந்து நின்ற இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று வகுத்தது. அந்தத் தாளிலும் பெயர்கள் இருக்கவில்லை. 

விளையாட்டரங்கின் உச்சவரம்பு இதற்கிடையில் உலகைச் சுற்றித் தமிழர் வாழும் இடங்களுக்கும் வந்துவிட்டது. 2014 இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், சென்னையின் அணி உட்பட எல்லாக் கழகங்களுக்கும் சில பருவங்களில் 16.5 கோடி இந்திய ரூபாய் என்ற வரம்பு இருந்தது. ஸ்பெயினின் லா லீகா தன் கழகங்களின் வருமானத்துக்கேற்பச் சம்பள எல்லை வகுப்பதால், 2021 ஓகஸ்டில் பார்சிலோனாவால் லயனல் மெஸ்ஸியைக்கூடப் பதிவுசெய்ய முடியவில்லை. இலங்கையின் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் தொடர் 2023 இல் முதன்முறையாக ஏலம் நடத்தி அணிக்கு 5 இலட்சம் அமெரிக்க டாலர் என்று பணப்பையை அளந்துகொடுத்தது. அவ்வாண்டு கிண்ணத்தை வென்றது கண்டியின் பெயர் தாங்கிய அணி. இந்த வரம்புகளை வெறும் சூழ்ச்சியென்று ஒதுக்குவது நியாயமாகாது. ஒரே செல்வந்தர் எல்லா வீரரையும் வாங்கிக் குவித்தால் ஆட்டம் ஆட்டமாக இராது, சிறு கழகம் கடனில் மூழ்கும் என்னும் வாதத்தில் உண்மை இருக்கிறது. அமெரிக்க லீக்குகளில் வரம்பை வீரர் சங்கமும் பேசி ஒப்புக்கொண்டே வகுக்கின்றனர், வருமானத்தில் தம் பங்கை அதிலேயே உறுதிசெய்துகொள்கின்றனர். கண்டித் துரைமாரின் உடன்பாடுகளில் அப்படியொரு எதிர்த்தரப்பு மேசையில் இருக்கவேயில்லை. வேறுபாடு வரம்பில் இல்லை, மேசையில் யார் இருந்தார் என்பதில் இருக்கிறது.

கணினி விளையாட்டு அந்த மேசையில் விளையாடுபவரை அமர்த்தும் இடம் எப்போதும் துரையின் நாற்காலிதான். இதில் பழிக்க ஒன்றுமில்லை. கழகத்தை நிருவகிப்பதே விளையாட்டின் பொருள். ஆயினும் அதை வடிவமைத்தவர்கள் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் பதிவேட்டில், ஒருபோதும் இல்லாத ஒன்றைத் திரையில் வைத்தனர்: வீரரின் மனநிலை. கொடுத்த வாக்கை மீறினால் அவர் முகம் சிவக்கும், சம்பளம் போதாதென்றால் பேச மறுப்பார், மற்ற வீரரைத் தன் பக்கம் சேர்ப்பார், ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து மாற்றுத்தொகையின்றிப் போய்விடுவார். செக்ரோலில் ஆளுக்கு நேரே இருந்தவை பேரும் அரைப்பேரும் மட்டுமே. பேர் என்பது ஒரு நாள் முழு வேலையின் கூலி, குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு அரைப்பேர். அந்தச் சொற்கள் இன்னும் வழக்கில் இருக்கின்றன. நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கும் கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 இல் சம்பளச் சபை வழியே நிறைவேறியபோதும், 2024 இல் அது 1350 ரூபாயானபோதும், எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை.

இவ்வரலாற்றை எழுதுவோர் துரைமார் சங்கத்தின் ஆண்டறிக்கைகளையும் ஆணைக்குழு அறிக்கைகளையுமே பெரிதும் நம்பவேண்டியிருக்கிறது. அவை மேலிருந்து எழுதப்பட்டவை. கீழேயிருந்து பார்க்கத் தகர வில்லையும், துண்டின் மறுபிரதியும், கங்காணியின் கடன் குறிப்பேடும், வேலை நீங்கியவருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டும் வேண்டும். தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டப் பகுதிகளின் வீடுகளில், பழைய தகரப் பெட்டியின் அடியில், இத்தகைய தாளோ தகடோ கிடந்தால் அதைக் குப்பையோடு எறிந்துவிடாமல், பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்திலோ ஆவணங்களை எண்ணிமமாக்கும் நூலக நிறுவனத்திடமோ ஒரு படம் எடுக்கவாவது கொடுத்துவைக்க வேண்டும்.